கறார் அக்கா போடாத கையெழுத்து

என் அக்காவிடம் மீன் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் திட்டு வாங்கத்தான் வருகிறார்கள். சந்தையில் அவளுக்குக் 'கறார்' என்று பெயர். ஒரு விலை சொன்னால் அதோடு சரி, இறங்க மாட்டாள். யாராவது மீனை விரலால் அமுக்கிப் பார்த்தால் போதும், "அமுக்காதம்மா, அது என்ன பிசைஞ்சு வெச்ச மாவா? செவுளைத் தூக்கிப் பாரு. பிடிக்கலன்னா நடையைக் கட்டு" என்று சந்தையே திரும்பிப் பார்க்கும்படி கத்துவாள். நடையைக் கட்டியவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவளிடமே வந்து நிற்பார்கள்.

என் படிப்புச் செலவெல்லாம் சந்தையில் அவள் மீன் விற்கிற கல்மேடையிலிருந்துதான் வந்தது. அதனால் அவளைப் பற்றி நடுநிலையாக எழுத என்னால் முடியாது. அவள் கணவரைப் பற்றி, அதாவது என் மாமாவைப் பற்றி, நடுநிலையாக எழுத எனக்கு விருப்பமும் இல்லை.

மாமா அதே சந்தைக்கு ஐஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஐஸ் கம்பெனி வண்டிகளை விற்றுவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது அவரும் வீட்டுக்கு வந்தார். வந்தவர் வந்தவர்தான். காலையில் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு செய்தித்தாளோடு உட்கார்ந்தால் அக்கா சந்தையிலிருந்து திரும்பும் வரை அதே நாற்காலி. அவள் உள்ளே நுழைந்ததும் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிடுவார். கல்யாண வீடுகளில் அவளுக்கு இரண்டு வரிசை தள்ளித்தான் உட்காருவார். அவருக்கு மீன் காசு பிடிக்கும், மீன் வாடை பிடிக்காது.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் ஏதோ தொழில் கண்காட்சிக்குப் போய்விட்டு, பளபளவென்று ஒரு கோப்போடு வந்தார். பொரித்த மீனும் இறாலும் விற்கிற பெரிய கம்பெனி ஒன்று, தன் பெயரில் கடை நடத்த ஆள் தேடுகிறதாம். பெயரும் பலகையும் அவர்களுடையது, முதலும் உழைப்பும் நம்முடையது.

"வாடையே இல்லாத மீன் கடை. கண்ணாடிக் கதவு, ஏசி. நான் கல்லாவுல உட்காருவேன். நீ தொப்பி போட்டுக்கிட்டு கவுண்டர்ல நிக்கலாம்" என்று அக்காவிடம் சொன்னாராம்.

அக்கா எனக்கு போன் பண்ணினாள். "ஞாயித்துக்கிழமை கம்பெனி ஆள் வீட்டுக்கு வர்றாராம். நீயும் வாடி. உனக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம் தெரியும்."

எனக்குத் தெரியும் என்பது உண்மைதான். நான் வேலை பார்க்கிற பேக்கரியும் இப்படி ஒரு கம்பெனியின் பெயரில் ஓடுவதுதான். நான் சேர்ந்த பிறகு மூன்று முதலாளிகள் மாறிவிட்டார்கள். பலகை மட்டும் மாறவில்லை. மூன்றாமவர் போகும்போது கடைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டார். எனவே அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சண்டை போடுகிற எண்ணத்தோடுதான் போனேன்.

கம்பெனி ஆள் டை கட்டியிருந்தார். குரல் அவ்வளவு மென்மை. எதைக் கேட்டாலும் "அருமையான கேள்வி மேடம்" என்றார். அதற்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சேருறதுக்கு ஒரு கட்டணம் சரி. அது போக மாசா மாசம் என்ன எடுப்பீங்க?" என்றேன்.

"விற்பனையில நூத்துக்கு எட்டு மேடம். விளம்பரத்துக்கு ஒரு மூணு."

"லாபத்துலயா, விற்பனையிலயா?"

"விற்பனையில."

"அப்ப நாங்க நஷ்டத்துல ஓடினாலும் உங்களுக்குப் பதினொண்ணு வந்துடும்."

"அருமையான கேள்வி மேடம்" என்றார். அது கேள்வியே இல்லை.

மீன், மாவு, எண்ணெய், சாஸ், காகிதத் தட்டு, கை துடைக்கிற தாள் வரை அவர்களிடம்தான் வாங்க வேண்டும். விலையை அவர்கள் வைப்பார்கள், எப்போது வேண்டுமானாலும் ஏற்றுவார்கள். பொரித்த துண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் விற்காவிட்டால் குப்பையில் போட வேண்டும், அந்தச் செலவு நம் தலையில். உள் அலங்காரம் அவர்கள் சொல்கிற ஆள்தான் செய்வார். ஐந்து வருடம் முடிந்தால் திரும்பவும் ஒரு கட்டணம், அப்போது அலங்காரத்தையும் புதிதாகச் செய்ய வேண்டும். எதிர்த் தெருவிலேயே இன்னொருவருக்கு இதே கடையைக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். "அப்படிப் பொதுவா செய்யறதில்லை" என்றார். பொதுவாக என்கிற அந்த ஒரு வார்த்தையில் இன்னொரு கடையே கட்டிவிடலாம்.

நான் ஒரு தாளில் கூட்டிக் கழித்துக் காட்டினேன். வாடகை, இரண்டு ஆள் சம்பளம், ஃப்ரீஸருக்கும் அடுப்புக்கும் கரண்ட் எல்லாம் போக மாதக் கடைசியில் மிஞ்சுவது, அக்கா இப்போது சம்பாதிப்பதில் பாதிகூட வரவில்லை. வியாபாரம் நன்றாக நடந்தால் வருகிற கணக்கு அது.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். நீ எதையுமே நல்ல கண்ணோட பார்க்க மாட்டியே" என்றார் மாமா.

"நல்ல கண்ணோட பார்த்த மூணு பேரை நான் பார்த்திருக்கேன் மாமா."

அக்கா இந்தச் சண்டையில் சேரவே இல்லை. அவள் கோப்பில் இருந்த ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவுண்டருக்குப் பின்னால் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். பிறகு கேட்டாள், "மீன் எப்படி வரும்?"

"பாக்கெட்டுல மேடம். சுத்தம் பண்ணி, முள் எடுத்து, அளவா வெட்டி வரும்."

"ஐஸ்ல கை வைக்க வேணாமா?"

"வேணாம் மேடம். கையுறை கொடுப்போம்."

"உக்காரலாமா?"

"கூட்டம் இல்லாதப்ப தாராளமா உக்காரலாம்."

சிறிது நேரம் கழித்து, ஐஸில் கை வைக்க வேண்டாமா என்று இன்னொரு முறை கேட்டாள். எனக்கு அவள் மேல் எரிச்சலாக வந்தது. இவ்வளவு நேரம் தொண்டை வற்ற நான் கணக்குச் சொன்னதெல்லாம் இவள் காதில் விழவே இல்லையா? இவளா கறார்? காலணாவுக்குக்கூட ஊரையே எதிர்க்கிறவள், ஒரு ரப்பர் கையுறைக்கு மயங்கி உட்கார்ந்திருக்கிறாளே என்று பல்லைக் கடித்தேன்.

டை கட்டியவர் கோப்பை மூடப் போய்ப் பாதியில் நிறுத்தினார். "இன்னொண்ணே ஒண்ணு மேடம். ஒப்பந்தம் இருக்கிற வரைக்கும், முடிஞ்ச பிறகு ரெண்டு வருஷத்துக்கும், ஒரே வீட்டுல இருக்கிறவங்க யாரும் வேற மீன் வியாபாரம் பண்ணக் கூடாது. உங்களுக்கு அது பிரச்சனை இல்லைன்னு சார் சொல்லிட்டார்."

அக்கா தலையைத் தூக்கினாள். "எப்படிப் பிரச்சனை இல்லை?"

"சந்தைக் கடையை வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சாச்சுன்னு…"

மாமா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, யாருக்குப் பேசி முடிச்சீங்க?"

"இறால்காரருக்கு. அடுத்த மாசத்துலேர்ந்து. முன்பணம் வாங்கியிருக்கேன்."

இறால்காரர் அக்காவுக்குப் பக்கத்துக் கடை. அக்காவுடையது வாசலைப் பார்த்த மேடை என்பதால் அவருக்கு அதன் மேல் நெடுநாளாகக் கண். கடை உரிமம் மாமாவின் பெயரில் இருந்தது. அந்தக் காலத்தில் சந்தை அலுவலகத்தில் உரிமத்துக்குச் சம்பளச் சீட்டு கேட்டார்கள், சம்பளச் சீட்டு இருந்தது மாமாவிடம்தான். அவர் அந்த மேடையில் ஒரு மீனைக்கூட வெட்டியதில்லை.

"அந்தப் பணம் எங்க?"

"கம்பெனிக்குப் பதிவுப் பணமா கட்டிட்டேன். எதுக்கு இப்படிப் பார்க்கிறே? ரெண்டும் முன்பணம்தானே. பிடிக்கலன்னா இவங்ககிட்டேர்ந்து வாங்கி அவருக்குக் கொடுத்துட்டா தீர்ந்தது."

இதை அவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும். சந்தையில் அதுதான் வழக்கம். மொத்த வியாபாரியிடம் முன்பணம் கொடுத்தால், பெட்டியைத் திறந்து மீனைப் பார்க்கும் வரை அது கொடுத்தவர் பணம். மீன் சரியில்லை என்று கை காட்டினால் மறுபேச்சு இல்லாமல் திரும்பி வந்துவிடும். தராத வியாபாரியிடம் அடுத்த நாள் ஒருவரும் வாங்க மாட்டார்கள். வாழ்நாளெல்லாம் அந்தச் சந்தைக்குள்ளேயே வண்டி ஓட்டியவர், உலகம் முழுக்க முன்பணம் என்றால் இதுதான் என்று நம்பியிருக்கிறார்.

டை கட்டியவர் இருமினார். "பதிவுப் பணம் திரும்ப வராது சார். முதல் பக்கத்துலயே போட்டிருக்கோம்."

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு, குற்றம் பண்ணியவர்கள் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார், குரலை உயர்த்தினார். "எல்லாம் உன் நல்லதுக்குத்தான் பண்ணேன். இன்னும் எத்தனை நாளைக்கு இந்த நாத்தத்துலயே கிடக்கிறது?"

அக்கா அவரிடம் பேசவில்லை. டை கட்டியவரைக் கேட்டாள். "என் கையெழுத்து இல்லாம இது நடக்குமா?"

"நடக்காது மேடம். ஜாமீனுக்கு மனைவியும் போடணும்."

"அப்ப டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

"பதிவுப் பணம் வீணாயிடும். நல்லா யோசிங்க மேடம்" என்றார் அவர், நம் வீட்டுப் பணத்துக்காக நம்மைவிட அதிகமாகக் கவலைப்படுகிற முகத்தோடு. டீக் கோப்பையை அவர் கையிலிருந்து நானே வாங்கிவிட்டேன், அதில் பாதி டீ இருந்தது.

அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் நரகம். அவளுடைய பிடிவாதத்தால் 'என் பணம்' போச்சு என்று மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பணமாம்! அக்கா சமைத்து வைத்தாள், பரிமாறவில்லை. நான் போய் இறால்காரரின் முன்பணத்தை நான் தருகிறேன் என்றேன்.

"உன் காசு எதுக்குடி? வாங்கினது நீயா?" என்றாள்.

மறுநாள் அவளே இறால்காரரிடம் போனாள். அவர் சந்தை வழக்கத்தை மீறுகிற ஆள் இல்லை. கடை வேண்டாம் என்றால் சரி, மாதம் பிறப்பதற்குள் கொடுத்த பணம் தன் மேடைக்கு வர வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

"பணம் இல்ல. ஆள் இருக்கு" என்றாள் அக்கா. "இறால் உரிக்க ஆள் வர மாட்டேங்குதுன்னு தினம் புலம்புறீங்கல்ல, கடன் கழியுற வரைக்கும் வெச்சுக்கோங்க."

இறால்காரர் யார் என்று கேட்டார். அவள் சொன்னதும் சிரிக்க ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மாமா ஒரு நாள் முழுக்கக் குதித்தார். தூக்கில் தொங்குவேன் என்றுகூடச் சொன்னார். "அதுக்கும் நீங்கதான் கயிறு வாங்கணும், என்கிட்ட காசு இல்ல" என்று அக்கா சொன்னதைக் கேட்டபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கடை போனால் அடுத்த மாதம் அடுப்பு எரியாது என்பது அவருக்கும் தெரியும். முதலில், அக்கா கேட்டபடி, சந்தை அலுவலகத்துக்குப் போய் உரிமத்தை அக்காவின் பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டார். அதற்கடுத்த நாள் பவுடர் போடாமல் சந்தைக்குப் போனார்.

நான் வேண்டுமென்றேதான் அங்கே போனேன், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. இறால்காரரின் மேடைக்குக் கீழே ஒரு பலகையில் மாமா உட்கார்ந்திருந்தார். இறால் ஓட்டை உரித்துக் குடலை இழுத்து எடுக்கத் தெரியாமல் பிய்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் சிவந்து வெடித்திருந்தது. கை எட்டுகிற தூரத்தில் அக்கா, அவர் பக்கம் திரும்பாமல் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆசை தீரச் சிரிக்க வேண்டும் போல இருந்தது, கொஞ்சம் சிரித்தும்விட்டேன்.

வாடிக்கைக்காரம்மா ஒருத்தி மாமாவைக் காட்டி, "யாரு இது, புதுசா இருக்கே?" என்றாள்.

"இறால்காரரோட ஆளு" என்றாள் அக்கா, மீனை நிறுத்துக்கொண்டே.

கூட்டம் குறைந்ததும் அவள் பக்கத்தில் போய் நின்றேன். "நல்ல வேளை, கையெழுத்துப் போடாம தப்பிச்சே. நான் போட்ட கணக்கு உன் மண்டையில ஏறுச்சே, அதுவே பெரிசு" என்றேன்.

"உன் கணக்கு எனக்கு முன்னாடியே தெரியும்டி. அது நஷ்டக் கடைன்னு அந்த ஆள் எட்டுன்னு சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு."

"பிறகு எதுக்கு அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டு இருந்தே?"

அவள் ஐஸ் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு மீனைத் தேடி எடுத்தாள். குரலைத் தாழ்த்தவில்லை. அவளுக்குத் தாழ்த்தத் தெரியாது.

"நஷ்டமானா என்ன, கொஞ்ச நாள் அவர் கூட அந்தக் கடையில உக்காந்திருக்கலாம்னு இருந்துச்சு. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா, கையெழுத்துப் போட்டிருப்பேன்."

கீழே பலகையில் இறால் உரிக்கிற சத்தம் நின்றது. அக்கா மீனைக் கல்லில் போட்டு வெட்ட ஆரம்பித்தாள்.