மணல்மேட்டில் மிஞ்சிய பயற்றங்கொடி

தாவரவியல் முதுகலை முடித்த ஆண்டில், நோணாங்குப்பத்திலிருந்து படகேறிப் போய்க் கடற்கரையைத் துப்புரவு செய்யும் தன்னார்வக் குழுவில் சேர்ந்தேன். குப்பையோடு களைகளையும் அகற்றுவதென்று முடிவாயிற்று. எதைப் பிடுங்கலாம் என்று சொல்லும் பொறுப்பு எனக்கு. மணல்மேட்டில் மஞ்சள் பூக்களோடு படர்ந்திருந்த கொடியை எட்ட நின்றே பார்த்துவிட்டு, அந்தக் கரையில் தினமும் வேலை செய்யும் துப்புரவுப் பெண்களின் மேஸ்திரியிடம், “நரிப்பயறுதான் அக்கா. லாஸ்பேட்டைல காலி மனையெல்லாம் இதான். பிடுங்கிடலாம்” என்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து, குவியலிலிருந்து ஒரு கொடியை எடுத்துப் பார்த்தேன். நரிப்பயற்றின் ஒவ்வொரு சிற்றிலையும் மூன்று மடலாக வெட்டுப்பட்டிருக்கும். இதன் சிற்றிலைகளோ வெட்டில்லாமல், தடித்து, வட்டமாக இருந்தன; காயும் பருமன். நரிப்பயற்றின் உறவான கடற்கரைப் பயறு இது. பல நாட்டுக் கரைகளில் வளர்வதால், அழிந்துவரும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் இதைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் ஆய்வேட்டுக்காக நம் கரையில் மாதக்கணக்கில் தேடியும் இதை நான் கண்டதில்லை.

ஓடினேன். “அக்கா, நிறுத்துங்க! நான் தப்பா சொல்லிட்டேன்.”

“இன்னா பாப்பா, நீதான பிடுங்க சொன்ன? படிச்ச பொண்ணு சொல்லுதேன்னு முக்காவாசி பிடுங்கிட்டோம்.”

“மீதி?”

“தோ, மேட்டு உச்சில. அதையும் எடுத்தா மண்ணு சரிஞ்சி வழியில கொட்டும். தெனமும் வாரிப் போடறது யாரு, நீயா?”

மற்ற பெண்கள் சிரித்தார்கள். நான் மேட்டு உச்சிக்கு ஏறி, மிஞ்சியிருந்த கொடியைப் பார்த்தேன்.

அறிக்கை எழுதும்போது குழுவில் ஒருவர், “உலகத்துக்கே கவலையில்லாத செடி. இதைப் போய் எழுதணுமா?” என்றார். எழுதாமல் விட்டால் அடுத்த குழுவும் அதே தவறைச் செய்யும். அப்போது உச்சியில் எதுவும் மிஞ்சாது. உலகில் நிறைய இருக்கிறது என்பது, நம் கரையில் அதை அழியவிடுவதற்கு அனுமதியாகாது. பிடுங்கச் சொன்னவள் நான் என்றும், மிச்சத்தைக் காத்தவர்கள் அந்தப் பெண்கள் என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன். உச்சிக்கொடியைச் சுற்றிக் கயிறு கட்டினோம்.

மழைக்குப் பிறகு கொடி கணுக்கணுவாக வேர்விட்டு மேட்டின் பாதிவரை இறங்கியிருந்தது. அன்று அறிக்கையின் அந்தப் பத்தியை மேஸ்திரி அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, கூட்டிக்கொண்டிருந்தவர்களை உரக்க அழைத்தார்.

“ஏய், எல்லாம் இங்க வாங்கடி. பாப்பா, நீ மொதல்லேர்ந்து படி.”