கேசரிக்கு எந்தக் காது கறுப்பு?

வளர்ப்புப் பிராணிகளைப் படம் வரைந்து பிழைக்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: நாம் வரைகிற நாயோ பூனையோ வாயைத் திறந்து குறை சொல்லாது. அந்த வேலையை வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் உட்கார்ந்துகொண்டு, செல்போனில் வருகிற போட்டோக்களைப் பார்த்துப் படம் வரைந்து கூரியரில் அனுப்புகிறவள் நான். அதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். என் கணவர் போலீஸில் ஏட்டு. என் படம் எதையும் அவர் இதுவரை அழகு என்று சொன்னதில்லை. "ஆள் அடையாளம் சரியா இருக்கு" என்பார், அவ்வளவுதான். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக பாவிகளுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், ஆனால் ரொம்பச் சிரிக்கக் கூடாது.

அதான் போட்டோ இருக்கே

தொழில் தொடங்கிய புதிதில் கிடைத்த முதல் உள்ளூர் வாடிக்கையாளர் பக்கத்துத் தெரு அண்ணாச்சி. ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம் நாய் வைத்திருந்தார். டைகரை வரைய வேண்டும் என்று கேட்டார். நல்லதாக ஒரு போட்டோ அனுப்பச் சொன்னேன். மறுநாள் காலையில் கேட்டைத் திறந்துகொண்டு அவரும் டைகரும் வந்து நின்றார்கள். நாயைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, புது பெல்ட் கட்டிக் கூட்டிவந்திருந்தார். வராந்தாவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சிட்!" என்று ஒரு அதட்டல். டைகரும் உட்கார்ந்தது. நானும் பென்சிலை எடுத்தேன்.

எதிர் வேப்பமரத்தில் ஒரு அணில் இறங்கியது. அதற்கப்புறம் நடந்ததை வரைந்திருந்தால் நல்ல படமாக வந்திருக்கும். டைகர் முன்னால், சங்கிலி நடுவில், அண்ணாச்சி பின்னால், நாற்காலி அவருக்கும் பின்னால். ஒருவழியாக மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். "இதுக்குத்தான் அண்ணாச்சி போட்டோ கேக்கேன். போட்டோவப் பாத்துத்தான் வரையணும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "போட்டோவப் பாத்துத்தான் வரைவேன்னா, பொறவு நீ எதுக்கும்மா? அதான் போட்டோ இருக்கே!"

கழுத்தைக் காணோம்

எங்களைப் போன்றவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பெயர் 'நாலு கால் ஓவியர்கள்'. அதில் நான் ஒரு பூனைப் படத்தைப் போட்டேன். எல்லாரும் கைதட்டல், ரோஜாப்பூ, 'சூப்பர்' என்று அடுக்கினார்கள். பொள்ளாச்சியில் இருந்து கவிதாமணி என்கிற பெண் மட்டும் தனியாக எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். தேன் மாதிரி குரல். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. பூனை நல்லா வந்திருக்குதுங்க. கழுத்தைத்தான் எங்கியோ வெச்சுட்டு வந்துட்டீங்க."

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சாம்பாரில் உப்புப் போட மறந்தேன். சாயங்காலம் படத்தை எடுத்துப் பார்த்தால், நிஜமாகவே பூனையின் தலை நேரே தோளில் உட்கார்ந்திருந்தது. விட்டேனா? அவள் அடுத்துப் போட்ட பொமரேனியனுக்கு ரெண்டு கண்ணும் ரெண்டு வேறு நாயிடம் கடன் வாங்கியது போல் இருக்கிறது என்று எழுதினேன். அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் சிநேகிதம். வாடிக்கையாளருக்கு அனுப்பும் முன் படத்தை ஒருத்திக்கொருத்தி காட்ட வேண்டும். பார்ப்பவள் ஒரு தப்பாவது கண்டுபிடித்தே ஆக வேண்டும். 'சூப்பர்' சொல்லத் தடை. இதுதான் எங்கள் சட்டம்.

வருஷக்கணக்காக இப்படி. நேரில் பார்த்ததே இல்லை. வீடியோ கால் போட்டு, போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு நான் இங்கே வரைவேன், அவள் அங்கே வரைவாள். அவள் காலடியில் கேசரி படுத்திருக்கும். அவள் வளர்க்கும் நாய். வீடியோவில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் வால்தான். அவள் சிரிக்கும்போதெல்லாம் அந்த வாலும் தரையில் டப் டப் என்று அடிக்கும். ஊர் நாயை எல்லாம் வரைகிறாயே, கேசரியை ஏன் வரையவில்லை என்று ஒருநாள் கேட்டேன். அவள் சொன்னாள்: "நம்மகிட்ட வர்ற படத்துல பாதிக்கு மேல செத்துப்போனதுகளோடதுதானுங்க்கா. இது இங்க கால் மேலயே தலைய வெச்சுட்டுக் கெடக்குது. இதுக்கு என்னத்துக்குங்க படம்?"

சுல்தானின் எதிரி

துபாயில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, கடையநல்லூரில் இருக்கும் தன் உம்மாவுக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் வளர்க்கும் பூனையின் படத்தைக் கேட்டார். பெயர் சுல்தான். சாம்பல் நிறம், சண்டையில் கிழிந்த ஒரு காது. லீவில் வந்தபோது பூனையோடு எடுத்த செல்ஃபியை அனுப்பியிருந்தார். பக்கத்து ஊர்தானே என்று படத்தை நானே பஸ்ஸில் கொண்டுபோனேன். உம்மா என்னை உட்காரவைத்து, டீயும் சம்சாவும் கொடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார்கள். முகம் மாறிவிட்டது.

சில போன்களில் செல்ஃபி எடுத்தால் கண்ணாடியில் பார்ப்பது போல் இடம் வலமாகப் பதிவாகும். தம்பியின் பனியனில் இருந்த எழுத்துகள் திரும்பி இருந்ததை நான் அப்புறம்தான் கவனித்தேன். ஆனால் உம்மாவுக்கு இந்த விவகாரமெல்லாம் தெரியாது. படத்தைக் கீழே வைத்துவிட்டு, மனசு நோகாமல் சொல்ல வேண்டுமே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்: "நல்லாத்தாம்மா வரைஞ்சிருக்க. ஆனா எங்க சுல்தானுக்கு இடது காதுல்லா கிழிஞ்சது! வலது காது கிழிஞ்சது எதுத்த வீட்டுப் பூனைக்கு. அவன் காதக் கடிச்ச அந்தப் பயலையா வரைஞ்சு கொண்டாந்திருக்க?"

காவலுக்கு ஒரு நாய்

சுல்தானைத் திருப்பி வரைந்து கொடுத்த கையோடு ஒரு சபதம் எடுத்தேன். இனி எந்த செல்ஃபி வந்தாலும் முதல் வேலையாக இடம் வலமாகத் திருப்பிவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுவது. இந்தச் சபதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் என்னைக் கவிழ்த்தது.

அந்த வருஷம் சீசனில் குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். குரங்குத் தொல்லை தாங்கவில்லையாம். ஆள் உயரத்துக்கு ஒரு நாய் வேண்டும், பல்லைக் காட்டிக்கொண்டு பாய்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றார். பலகையில் வரைந்தேன். சட்டப்படி கவிதாமணிக்கும் அனுப்பினேன். "பல்லெல்லாம் சரியா இருக்குதுங்க்கா. கண்ணுதான் 'சாப்ட்டீங்களா'ன்னு கேக்குது" என்றாள். பெயிண்ட் காய்ந்துவிட்டது, போகட்டும் என்று விட்டுவிட்டேன். செல்ல நாய்களையே வரைந்து பழகிய கை, முறைக்கச் சொன்னால் எப்படி முறைக்கும்?

ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். பலகை கடை வாசலில் நின்றது. ஒரு பெரிய குரங்கு அதில் சொகுசாக முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, நேந்திரங்காய் சிப்ஸை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தது. கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். "ஏ தங்கச்சி, கொரங்க வெரட்டுததுக்கு நாய் கேட்டா, கொரங்குக்குக் காவலுக்குல்லா நாய் வரைஞ்சு தந்திருக்க!"

கட்டைவிரல்

அடுத்த கோடையில் ஒரு மத்தியானம் கவிதாமணியிடமிருந்து மெசேஜ். "கேசரி போயிருச்சுங்க்கா." போன் செய்தேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன். வாலை மட்டுமே பார்த்த நாய்க்கு இப்படி அழுவேன் என்று நானே நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அனுப்புகிற படங்களுக்கெல்லாம் ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. தப்பு இல்லை, 'கோவிச்சுக்காதீங்க' இல்லை, வெறும் கட்டைவிரல். அவளிடமிருந்து படங்கள் வருவதும் நின்றது. கேட்டதற்கு, "நாய்க் கண்ணு வரைய உக்காந்தா கை நின்னுக்குதுங்க்கா. வர்றவங்களை வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிட்டேன்" என்றாள். சோதித்துப் பார்ப்போம் என்று, குட்டைக்கால் நாய் ஒன்றுக்கு வேண்டுமென்றே அஞ்சு கால் போட்டு அனுப்பினேன். அதற்கும் கட்டைவிரல் வந்தது.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுவாள். அதோடு இந்தச் சிநேகிதமும் போய்விடும். என் வேலையை என்னைவிட உற்றுப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். 'சூப்பர்' சொல்ல ஊரெல்லாம் ஆள் உண்டு. கழுத்தைக் காணோம் என்று சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தேன். டூட்டி முடிந்து வந்த கணவர் விஷயத்தைக் கேட்டார். போனை வாங்கிப் படத்தை உற்றுப் பார்த்தார். "ஏட்டி, தப்பு சொல்ல ஆளில்லன்னா இப்பிடி அழுவ? நான் சொல்லுதேன், கேட்டுக்கோ. இந்த நாய்க்கு ஒரு கால் ஜாஸ்தி."

கோவிச்சுக்காதீங்க

சாரல் விழத் தொடங்கியதும் கவிதாமணியின் வீட்டுக்காரர் அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிவருவதாகச் செய்தி வந்தது. மாறுதலுக்காகவாம். உங்கள் வீட்டுக்கும் வருவோம் என்றாள். அவளுக்குத் தெரியாமல் கேசரியை வரைந்து வைப்பது என்று முடிவு செய்தேன். கேசரி நிறத்து உடம்பு, ஒரு காது மட்டும் கறுப்பு. கேசரி போன பிறகு அவள் ஸ்டேட்டஸில் வைத்த போட்டோக்களில் முகம் தெளிவாகத் தெரிந்தது ஒரே ஒன்றில்தான். அவள் கன்னமும் நாயின் கன்னமும் ஒட்டியிருக்க, ரொம்பக் கிட்டத்தில் எடுத்தது. பார்த்தவுடன் செல்ஃபி என்று தெரிந்தது. சபதத்தின்படி திருப்பினேன். ஒரு வாரம் வரைந்தேன். தப்புப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் காட்ட முடியாத படம். வேறு வழியில்லாமல் கணவரிடம் காட்டினேன். ஆள் அடையாளம் சரியாக இருப்பதாகச் சொன்னார்.

ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தார்கள். வீடியோவில் நல்ல உயரமாகத் தெரிந்தவள் என் தோளுக்குத்தான் இருந்தாள். தினமும் பேசியவர்கள், நேரில் பார்த்ததும் புதுச் சம்பந்திகள் மாதிரி ஆகிவிட்டோம். "அருவில தண்ணி நல்லா விழுதா?" என்று கேட்டேன். "நல்லா விழுகுதுங்க" என்றாள். காபி கொடுத்தேன். கடைசியில், எப்படிச் சொல்வது என்று தெரியாமல், துணியை விலக்கிப் படத்தை அவள் முன்னால் வைத்தேன்.

பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறுகிற புண்ணைக் கிளறிவிட்டோமோ என்று துணியை எடுத்துத் திரும்ப மூடப் போனேன். அப்போது மெதுவாக ஒரு குரல். "அக்கா... கோவிச்சுக்காதீங்க." எத்தனை நாளாயிற்று அந்த வார்த்தையைக் கேட்டு! "கேசரிக்கு வலது காதுதானுங்க கறுப்பு."

செல்ஃபி, சுல்தான், சபதம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். சோபாவில் இருந்து அவள் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அது செல்ஃபி இல்லீங்க. நான் கிட்டப் போய் எடுத்ததுங்க." அவ்வளவுதான், அவள் பிடித்துக்கொண்டாள். மூக்கு மேலே ஏறிவிட்டதாம், நெற்றி அகலமாம், கழுத்தை மறுபடியும் எங்கேயோ வைத்துவிட்டேனாம். சொல்லச் சொல்லக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, ஈரத் துண்டால் துடைக்கிறாள், சிரிக்கிறாள். என் படத்தை ஒருவர் இவ்வளவு கிழித்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது. வேறு வரைந்து தருகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். "வேண்டாமுங்க்கா. உங்களுக்குக் கேசரியோட வாலைத்தானுங்க தெரியும். மூஞ்சிய நானே வரைஞ்சுக்கறேன்."

ஊருக்குப் போய்ச் சில நாளில் அந்தப் படம் என் போனுக்கு வந்தது. கேசரி முகம் மட்டும், கழுத்து வரை. வலது காது கறுப்பு. பிஸ்கட்டை யார் முதலில் எடுப்பார்கள் என்று காத்திருக்கிற கண். கீழே, "சட்டப்படி ஒரு தப்பு சொல்லுங்க்கா" என்று எழுதியிருந்தாள். தேடினேன். பெரிதாக்கிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். கண்ணீர் மறைத்ததில் பாதிப் படம் தெரியவே இல்லை. சட்டம் சட்டம்தானே என்று, 'வால் கொஞ்சம் நீளமாப் போச்சு' என்று தட்டி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அக்கா, கோவிச்சுக்காதீங்க. படத்துல வாலே இல்லீங்களே!"

ஆகவே, சக பாவிகளே, இந்தத் தொழிலில் நாய் அசையாமல் உட்காராததோ குரங்கு பயப்படாததோ பெரிய கஷ்டமே இல்லை, தப்பே இல்லாத ஒரு படத்தை அனுப்பிவிட்டு அதில் தப்புச் சொல்லச் சொல்லும் சிநேகிதி வாய்ப்பதுதான் கஷ்டம்.