எரித்த சீட்டு

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணும். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன், வருஷங்களும் கலந்துபோய்விட்டன. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் பக்கத்து வீட்டு ஜெனிட்டா கையில் இரண்டு தாள்களோடு வந்தாள். டாக்டர் படிப்புக்கு இரண்டு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறதாம். எதில் சேருவது என்று என் மகள் பிலோமியிடம் கேட்க வந்திருந்தாள். பிலோமி ரத்தம் சோதிக்கிற லேபில் வேலை பார்க்கிறாள். தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் அவளிடம்தான் வருவார்கள்.

“ஒண்ணும் ஓடல அத்த. பேசாம சீட்டு எழுதிப் போட்டுருவமா?” என்றாள் ஜெனிட்டா.

“சீட்டு கீட்டெல்லாம் போடாத ஏளா. மாதா ஆள் பாத்து ஏமாத்துவா,” என்றாள் பிலோமி.

அந்தப் பிள்ளை சிரித்தது. நான் அடுப்படிக்கு எழுந்து போய்விட்டேன்.

ஜெனிட்டாவின் தாள்களில் மை வாசம் இருந்தது. பிலோமிக்கும் ஒரு காலத்தில் இப்படி இரண்டு கடிதங்கள் வந்தன. மெட்ராஸிலிருந்து வந்தது பழுப்புத் தாள், கோந்து வாசம். மற்றது வழவழப்பான தாள், மேலே தங்க நிறத்தில் முத்திரை. இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பஸ்ஸில் புதிதாக ஆரம்பித்த கல்லூரி அது. முதல் வருஷம் என்பதால் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளை அவர்களே தேடிப் பிடித்து, பாரமும் எழுதி, வண்டி வைத்துக் கூட்டிப்போனார்கள். முத்திரையைப் பார்த்து மயங்கிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். அது பொய்.

எனக்கு மெட்ராஸ் என்றால் பயம். ஆஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், வார்டனிடம் பேச வேண்டும், பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கக் கூச்சப்பட்டு இறங்கிப் போகிறவள் நான். என் வீட்டுக்காரரோ சரக்குக் கப்பலில் எந்தக் கடலில் இருக்கிறாரோ, கடிதம் போட்டுப் பதில் வருவதற்குள் கடைசித் தேதி போய்விடும்.

“அந்தப் புதுக் கல்லூரிக்கு இன்னும் அனுமதியே வரலம்மா,” என்றாள் பிலோமி.

“அனுமதி இல்லாமலா அம்புட்டுப் பெரிய கட்டடம் கட்டுதான்?”

இதுதான் என் வாதம். கட்டடத்தை நான் பார்த்ததுகூட இல்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அழுகை எனக்கு எப்போதும் கைவசம் உண்டு. கடைசியில் அவளே இறங்கி வந்தாள்.

“சரி, சீட்டு போடுவோம். மாதா மெட்ராஸ்னு சொன்னா நீ அழப்பிடாது.”

“நீயும் அழப்பிடாது.”

எங்கள் வீடுகளில் அப்போது பெண் பார்ப்பதென்றாலும் படகு வாங்குவதென்றாலும் சீட்டுதான். ஒன்பது நாள் ஜெபம் சொல்லி, மாதா சுரூபத்தின் காலடியில் சீட்டு வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். எடுக்காத சீட்டைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் மாதாவைச் சந்தேகப்பட்டதாகும். அதை மெழுகுவர்த்தியில் காட்டி எரித்துவிடுவோம். இடம் கேட்டவள் சீட்டு எழுதக் கூடாது என்பதால் எழுதியவள் நான். காலண்டர் தாளைக் கிழித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டிலும் புதுக் கல்லூரியின் பெயரையே எழுதினேன். எழுத்துக்கூடக் கோணவில்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

என் அப்பா முத்துக்குளிக்கப் போய்க் கொண்டுவந்த சிப்பி ஓடு ஒன்று மாதா முன்னால் இருக்கும். சீட்டுகளை அதில் வைத்தேன். பிலோமி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். பிறகு, “மாதா சொல்லிட்டா” என்று மற்றதை அவள் கையாலேயே எரித்தாள். சொன்ன சொல்லுக்காக அழவும் இல்லை.

புதுக் கல்லூரியில் சேர்ந்து, சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வந்துவிடுவாள். எனக்குப் பெருமை. பாசத்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அனுமதி வரும், வரும் என்றார்கள். மூன்றாம் வருஷம் ஒரு நாள் வாசலில் பூட்டுப் போட்டுவிட்டார்கள். டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். மெட்ராஸுக்கு எழுதிக் கேட்டாள். போன இடம் போனதுதான் என்று பதில் வந்தது.

“மாதா ஏம்மா எனக்கு இப்படிச் செஞ்சா?” என்று கேட்டாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். “அவ சித்தம் நமக்கு என்ன தெரியும்?” என்றேன். பிள்ளை பெற்றவள் செய்த குற்றத்தை மாதா தலையில் ஏற்றிவிட்டு, அடுப்பில் உலை கொதிக்கிறது என்று உள்ளே போனேன்.

அதற்கு முன்னால், சாயங்காலம் ஆனால் பிலோமிதான் ஜெபமாலை சொல்லுவாள். நல்ல குரல். அடுத்த வீட்டுக்காரிகள் வேலையை விட்டு வந்து வாசலில் முழங்காலிடுவார்கள். பெட்டியோடு வந்த நாளோடு அந்தக் குரல் நின்றது. பூசைக்கும் அவள் போவதில்லை. வாசலுக்கு வந்தவர்களும் ஒவ்வொருவராக வராமலானார்கள். இப்போது நான் மட்டும், உதடு அசைந்தும் அசையாமலும் சொல்லுகிறேன். அவள் பக்கத்து அறையில் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள்.

கல்லூரியை மூடியது மூன்றாம் வருஷமா இரண்டாம் வருஷமா என்பதில் எனக்குச் சந்தேகம். யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். பிலோமியைக் கேட்டால் சரியாகச் சொல்லுவாள். கேட்கப் போகிறவர்கள் நான் எழுதிய இந்தத் தாள்களையும் அவள் கையில் கொடுத்துவிடுங்கள். நேரில் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.