மணப்பாட்டுக் குன்றில்

மணப்பாட்டுக் குன்றின் உச்சியில், பழைய தேவாலயத்துக்குப் பின்னால், அப்பாவின் சக்கர நாற்காலியை நிறுத்தினேன். கடற்காற்றில் மூத்திர வாடை வந்தது. வேட்டியை நனைத்திருந்தார்.

ஏழு வயதில் இதே இடத்துக்கு வந்திருக்கிறேன். திருச்செந்தூரில் எனக்கு மொட்டை போட்டுவிட்டு, கோவில்பட்டி திரும்பும் முன் வேனில் எல்லோரும் கடல் பார்க்க வந்தோம். தலையில் பூசிய சந்தனம் வெயிலில் காய்ந்து தோலை இழுத்தது. எனக்குப் பாயை நனைக்கும் பழக்கம் இருந்தது. பயம் காட்டினால் நின்றுவிடும் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். ஊர்க் கிணற்றுக்கு மேல் பிடித்துக் காட்டியும் நிற்காததால், அன்று கடலைக் காட்டினார். அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, குட்டைச்சுவருக்கு அந்தப் பக்கம் பிடித்தார். கீழே பாறையில் அலை உடைந்தது.

"இனிமே பாய நனைப்பியாட்டி? சொல்லு, விட்டுருவேன்."

அவர் கைகளிலேயே நனைத்தேன்.

"கடல்ல தண்ணி பத்தலைன்னு இவ ஊத்துதா, பாருங்கண்ணே!" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா என் பாவாடையிலேயே கையைத் துடைத்துக்கொண்டார்.

குட்டைச்சுவர் முடியும் இடத்தில், நாற்காலியைச் சரிவின் விளிம்புவரை தள்ளினேன்.

"இனிமே நனைப்பீங்களாப்பா?"

பக்கவாதத்தில் பேச்சு போனவர். நல்ல கை மட்டும் என் சேலையைத் தேடித் துழாவியது. நாற்காலியின் கைப்பிடியிலிருந்து என் விரல் ஒன்றை எடுத்தேன். அடுத்த விரலையும் எடுத்தேன்.

"அம்மா!" என்று கத்திக்கொண்டு தேவாலயத்துக்குள் போயிருந்த என் மகள் ஓடிவந்து நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தாள். பன்னிரண்டு வயது அவளுக்கு.

அவள் கையைப் பிடிக்காமல் எந்த ரோட்டையும் நான் கடந்ததில்லை. கீழே இறங்கியதும் கையை நீட்டினேன். அவள் தாத்தாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்னே நடந்தாள்.