சூளை மேடையில் வைத்த ஊசி

எனக்குப் பெருங்குடலில் புண். ரத்தமாகப் போகும். சாகிற வரைக்கும் கூடவே இருக்கும், அடக்கித்தான் வைக்க முடியும் என்றார் புதுச்சேரி டாக்டர். பிரான்சில் இருக்கும் என் பெரியம்மா மகனுக்கும் இதே நோய்தான். அண்ணன் அங்கே ஊசி போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆடுகிறார். நான் விருத்தாசலத்தில் ஸ்டீராய்டு மாத்திரை தின்று முகம் வீங்கிக் கிடக்கிறேன். "வூட்டுல கறியும் மீனுமா? கன்னம் உப்பிக்கிட்டே போவுது" என்று நான் வேலை பார்க்கும் பீங்கான் பட்டறையில் கேலி வேறு.

அண்ணன் போட்டுக்கொண்ட ஊசிதான் எனக்கும் வேண்டியது. விலையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அழ முடியாமல் வந்த சிரிப்பு அது. எங்கள் காப்பீட்டு அட்டைக்கு அந்த ஊசி வராது என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்தார்கள். அங்கே அண்ணன் ஒரு காசு கொடுப்பதில்லை. ரேஷன் சர்க்கரை மாதிரி வாங்கிக்கொண்டு போகிறார்.

அவருக்கு வேறு ஊசி மாற்றினார்கள். பழையதில் ஒரு பெட்டி மீந்தது. மீந்த மருந்து என்றதும் டாக்டர் முகம் சுளித்தார். பிறகு, "கொண்டாங்க, பாக்கறேன். ஆரம்பிச்சு ஒடம்பு கேட்டுச்சுன்னா, விலை கொறச்சுத் தரச் சொல்லி மருந்துக் கம்பெனிக்கு எழுதிக் கேக்கலாம். சூடு மட்டும் படக்கூடாது" என்றார். அடுத்தவர் தின்றதில் மிச்சம் எனக்கு மருந்து. அதற்கும் நான் நன்றி சொன்னேன்.

லீவில் ஊருக்கு வந்த அண்ணன், திருச்சிக்குப் போகிற வழியில், காலையில் ஜங்ஷனில் ரயிலின் வாசலில் நின்றே பெட்டியைக் கொடுத்தார். சாயங்காலம் புதுச்சேரியில் டாக்டரைப் பார்க்க வேண்டும். நோய்க்கே லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது. அரை நாள் வேலை பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏற முடியும். ஐஸ் பையோடு பெட்டியை என் சாப்பாட்டுப் பையில் வைத்து, உட்காருகிற பலகைக்கு அடியில் தள்ளினேன். அச்சிலிருந்து வந்த பொம்மைகளின் விளிம்பைச் சுரண்டித் துடைப்பது என் வேலை. இரண்டு பொம்மை முடிப்பதற்குள் வயிறு முறுக்கியது. கக்கூசுக்கு ஓடினேன். போனால் சட்டென்று திரும்புகிற நோயா இது?

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. காலையிலேயே யாராவது ஒருத்தி எல்லோருடைய சாப்பாட்டுப் பையையும் எடுத்துப்போய்ச் சூளை ஓரத்து மேடையில் வரிசையாக வைத்துவிடுவாள். மதியம் சோறு சுடச்சுட இருக்கும். அன்று அந்த வேலையைச் செய்தது பக்கத்துப் பலகை அக்கா. முக்கால் மணி நேரம் கழித்து நான் திரும்பி வந்தபோது என் பையைக் காணோம்.

"அக்கா, எம் பையி எங்க?"

"சூளைகிட்ட வச்சுட்டேன்டி. தொட்டா ஜில்லுன்னு இருந்துச்சு. பழைய சோத்தையா தின்னுக்கிட்டுக் கெடக்கற, அதான் வயிறு இப்படிப் போவுதுன்னு ஒனக்கு மட்டும் நல்லா உள்ள தள்ளி வச்சேன்."

ஓடிப்போய் எடுத்தேன். ஐஸ் வெந்நீராகியிருந்தது. பெட்டியைத் தொட்டதும் கையை உதறினேன். விஷயம் புரிந்ததும் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் என்னடி கண்டேன், சோறுன்னுல்ல நெனச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரை எப்படித் திட்டுவது? எனக்குச் சுடுசோறு கிடைக்க வேண்டும் என்று நினைத்த ஒரே ஆள் அவர். டாக்டருக்குப் போன் போட்டேன். "போடவே கூடாதும்மா, தூக்கிப் போட்டுடுங்க. பழைய மாத்திரையவே கூட்டித் தரேன்" என்றார். மருந்து ஏன் சாப்பாட்டுப் பையில் வர வேண்டியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை.

அண்ணனுக்குச் சொன்னேன்.

"அட வுடு பாப்பா. என்னுதுகூட ஒரு தடவ கார்ல வெயில்ல கெடந்து வீணாப் போச்சு. மருந்துக்கடையில சொன்னேன், டாக்டர்கிட்ட பேசி வேற குடுத்துட்டாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதே நோய். அதே தவறு. அவருக்கு ஒரு நடை கடைக்குப் போகிற வேலை. எனக்கு அவ்வளவுதான், முடிந்தது.

"ஒண்ணும் கவலப்படாத. அடுத்த வருஷம் வரப்ப எப்படியாவது ஒண்ணு கொண்டாரேன்."

"அதுவரைக்கும் என் கொடலை லீவு போடச் சொல்லட்டுமாண்ணே?"

அவர் சிரித்தார். நான் போனை வைத்துவிட்டு மறுபடி கக்கூசுக்கு ஓடினேன். உள்ளே யாரோ இருந்தார்கள். கதவை உதைத்தேன்.