மலையை வலப்பக்கம் வைத்துப் பிழைத்த கதை

மலையைச் சுற்றிக் காட்டிப் பிழைப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. மலை எங்கேயும் போய்விடாது, கூட வந்தவர்கள்தான் போய்விடுவார்கள். கல்யாண வீட்டில் பந்தி விசாரித்தவர்களுக்கும், பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் பொறுப்பாசிரியராகப் போனவர்களுக்கும், சம்பந்தி வீட்டாரை மகாபலிபுரம் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கும் என் கஷ்டத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாமெல்லாம் அடுத்தவர் தலையை எண்ணி எண்ணியே நம் தலை நரைத்தவர்கள்.

செங்கம் ரோட்டில் நேராகப் போனவர்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலையில் நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்த டுடோரியலை இழுத்து மூடினார்கள். வேலை தேடிக்கொண்டிருந்தபோது, தேரடித் தெருப் பக்கம் லாட்ஜ் நடத்திவந்த பாய் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய லாட்ஜில் தங்குகிறவர்கள் விடியற்காலையில் கிரிவலம் கிளம்புவார்கள். மலையைச் சுற்றும் பாதை பிரிகிற இடத்தில் திரும்பாமல் செங்கம் ரோட்டில் நேராகப் போய்விடுவார்கள். ஒரு குடும்பம் மலை தங்களுக்குப் பின்னால் போய்விட்டதைக்கூடக் கவனிக்காமல் வெகுதூரம் போய், பஸ் பிடித்துத் திரும்பி வந்து பாயிடம் சண்டை போட்டதாம். ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு கூடவே நடந்து, அங்கங்கே விளக்கம் சொல்லிக் கூட்டிவர ஓர் ஆள் வேண்டும் என்றார்.

எனக்கு அப்படியொன்றும் பக்தி கிடையாது, அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று தோன்றியது, சொன்னேன். பாய் டீயை ஆற்றியபடி சிரித்தார்.

"நான் மட்டும் என்ன விபூதியா பூசியிருக்கேன்? நம்பறது அவங்க வேலை வாத்தியாரே. வழி தப்பாம கூட்டியாறதுதான் நம்ம வேலை."

வீட்டில் ஒரு தூதுவர்

என் அப்பா கீழ்பென்னாத்தூரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். கறுப்புச் சட்டை தவிர வேறு சட்டையில் அவரை நான் பார்த்ததில்லை. கடவுள் இல்லை என்று ஊர் ஊராக மேடை போட்டுப் பேசியவர். எனக்கு அறிவழகன் என்று பெயர் வைத்ததும் அந்த வேகத்தில்தான். அம்மா போன பிறகு, வேங்கிக்காலில் நாங்கள் கட்டிய புது வீட்டுக்கு எங்களோடு வந்துவிட்டார். நான் என்ன வேலைக்குப் போகிறேன் என்று தெரிந்த அன்றைக்கு என்னோடு பேசுவதை நிறுத்தினார்.

சண்டை இல்லை, சத்தம் இல்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை என் மனைவி செல்வியிடம் சொல்வார். நான் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். "ஃபேன் ரிப்பேர்னு அவன்கிட்ட சொல்லும்மா" என்பார். "சாயந்தரம் ஆள் வரும்னு சொல்லு" என்பேன். நடுவில் செல்வி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பியே கழுத்து வலி வாங்கினாள். அவர் என்னைத் திட்டினால்கூடப் பரவாயில்லை, என் முகத்தைப் பார்த்துத் திட்ட வேண்டும் என்று நான் ஏங்கிய ஏக்கம் எனக்குத்தான் தெரியும். முதல் நாள் நான் நடந்துவிட்டு வந்து வலி தாங்காமல் காலை நீட்டி உட்கார்ந்தபோது அவர் செல்வியிடம் சொன்னது இது:

"மலையைச் சுத்துனா கால் வலிதான் வரும்னு ஊரெல்லாம் சொன்னேன். இவன் அந்தக் கால் வலியை விக்கறான், பாரும்மா."

டாக்டரும் சாமியும்

மலையைச் சுற்றுகிறவர்கள் செருப்பு போடக் கூடாது என்பது வழக்கம். மலையே சாமி, அதனால் சுற்றுகிற பாதையெல்லாம் கோயில் பிராகாரம். லாட்ஜ் வாசலிலேயே எல்லோரும் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு பாங்க் அதிகாரி மட்டும் கழற்றவில்லை. சர்க்கரை வியாதி, வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் மனைவிக்கு அது பெரிய அபசாரம். இருவரும் வாசலில் நின்று வாதாடிவிட்டு என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள்.

அப்பா வளர்த்த பிள்ளை நான், டாக்டர் பக்கம்தான் பேசினேன். கடைசியில் அந்த அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார். செருப்புதானே கூடாது? மூன்று ஜோடி சாக்ஸை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு அதிகாரி யானை நடை நடந்து வந்தார். காலில் ஒரு கீறல் இல்லை. முடித்துத் திரும்பியதும் அந்த அம்மா புழுதி அப்பிய சாக்ஸையெல்லாம் விரல் நுனியில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சாமிக்கும் கோவம் இல்ல, டாக்டருக்கும் கோவம் இல்ல. துவைக்கப்போறவளை யாரும் ஒரு வார்த்தை கேக்கல பாருங்க."

நிறைமாத நடை

கிரிவலத்துக்கு என்று ஒரு நடை சொல்வார்கள். நிறைமாதக் கர்ப்பிணி எப்படி அடிமேல் அடி வைத்து நடப்பாளோ, அப்படி நடக்க வேண்டும். ஒவ்வொரு குழுவிடமும் கிளம்பும்போது இதைச் சொல்வேன். சொல்லும்போது எல்லோரும் முகத்தில் ஒரு பணிவை வரவழைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள், பாதையில் இருக்கிற எட்டு லிங்கங்களில் இரண்டாவதான அக்னி லிங்கம் வருவதற்குள் பஸ்ஸைப் பிடிக்கிற வேகத்துக்கு வந்துவிடுவார்கள்.

ஒருமுறை ஆரணியிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். மூன்று பிள்ளைகள் பெற்றவர். நான் சொன்னதைக் கேட்டு மற்றவர்கள் தலையாட்டினார்கள், அவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எம லிங்கம் தாண்டியதும் மெதுவாக என் பக்கத்தில் வந்தார். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஆம்பளையா பொம்பளையா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். எனக்குச் சொன்ன அத்தனை பேரும் ஆண்கள்தான்.

"அதான பாத்தேன். நிறைமாசத்துல யாரு சார் பக்தியா நடக்கறாங்க? எங்க உக்கார இடம் கிடைக்கும்னுதான் நடப்போம்."

பதில் ஆள்

வேலூர் பக்கத்து லாரி முதலாளி ஒருவர் வந்தார். நல்ல ஆள், கைநிறைய வாழைப்பழம் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். கிளம்பும் நேரத்தில் என்னைத் தனியாக அழைத்துப் போய், தனக்குப் பதிலாக நான் சுற்ற வேண்டும், தான் காரில் பின்னால் மெதுவாக வருவதாகச் சொன்னார். லாரிக்குப் பதில் டிரைவர் போடுவதில்லையா, அதுபோலத்தான் இதுவும் என்றார். எனக்கு நம்பிக்கை கிடையாதே, அப்புறம் உங்கள் புண்ணியம் எப்படி வந்து சேரும் என்று கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசித்தார்.

"அதான் நல்லதுங்க. உங்களுக்கு வேணாம்ன்றதால பங்கு போகாது. முழுசா எனக்கு வந்துடும்."

இடுக்கில் சிக்கியவர்

குபேர லிங்கத்தைத் தாண்டினால் இடுக்குப் பிள்ளையார். சின்ன மண்டபம், பின்பக்கம் புகுந்து, ஒருக்களித்துப் படுத்து நகர்ந்து, முன்பக்கம் வெளியே வர வேண்டும். ஒல்லியானவர்கள் தயங்குவார்கள், பருமனானவர்கள்தான் தைரியமாகப் புகுவார்கள். அது என்ன கணக்கோ தெரியவில்லை.

சேலத்து மளிகைக் கடைக்காரர் ஒருவர் அப்படித்தான் புகுந்தார். பாதியில் அசைவு நின்றுபோனது. முன்பக்கம் தலை தெரிந்தது, பின்பக்கம் கால் தெரிந்தது, நடுவில் இருந்ததை மண்டபம் விடவில்லை. வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவர் மனைவி அழ ஆரம்பித்தார். மூச்சை முழுக்க வெளியே விடச் சொல்லி, ஒரு தோளை முன்னால் கொண்டுவரச் சொல்லி, கையைப் பிடித்து இழுத்தோம். பயந்துபோயிருப்பார் என்று நான் சோடா வாங்கி வைத்திருந்தேன். வெளியே வந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்ட மனிதர் முகத்தில் பயத்தையே காணோம்.

"கல்யாணம் ஆனதுல இருந்து இப்பதாங்க கடை ஞாபகம் இல்லாம இருந்தேன். கொஞ்சம் பொறுத்து இழுத்திருக்கலாம்."

ஏழாவது ஆள்

இந்தக் கதைகளையெல்லாம் அவ்வப்போது வீட்டில் செல்வியிடம் சொல்வேன். அவள் அதை அப்பாவிடம் சொல்கிறாள் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. லாரி முதலாளி கதைக்கு அடுத்த அறையில் அவர் வாய்விட்டுச் சிரித்தது கேட்டது. நான் உள்ளே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. சேலத்துக்காரர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த செல்வி குக்கர் விசில் கேட்டுப் பாதியில் எழுந்து போக, "அந்த ஆளு வெளிய வந்தானா இல்லையா, அவன்கிட்ட கேட்டுச் சொல்லு" என்று அவள் பின்னாலேயே சமையலறை வரை போனாராம். நேராக என்னைக் கேட்டிருந்தால் விடியவிடியச் சொல்லியிருப்பேன்.

ஒரு நாள் காலை லாட்ஜ் வாசலில் ஆறு பேர் காத்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, கறுப்புச் சட்டையும் தோல் செருப்புமாக அப்பா நின்றிருந்தார். பாய் என் காதோடு, "ஏழாவது ஆளா சேத்துக்கங்க. நீங்க ஜனங்ககிட்ட என்னென்ன அளக்கறீங்கன்னு பாக்கணுமாம்" என்றார். எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள், அப்பா கழற்றவில்லை. சென்னையிலிருந்து வந்த ஓய்வு பெற்ற இன்ஜினீயர் ஒருவர், நெற்றி நிறைய விபூதி, அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "இந்தச் சட்டை, இந்தச் செருப்பு. இவர் கூட வந்தா நாங்க சுத்தறதுக்கு என்ன சார் அர்த்தம்? அனுப்பிடுங்க" என்றார். மற்றவர்களும் என்னைப் பார்த்தார்கள். இவர்கள் ஆறு பேரும் கோபித்துக்கொண்டு போனால் பாய்க்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். ஆனாலும் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "அவர் எங்க அப்பா சார். அவருக்கு நம்பிக்கை கிடையாது. செருப்போடதான் வருவார்." அப்பா காதில் விழாதவர் மாதிரி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் சமாதானம் பேசி, இன்ஜினீயர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒருவழியாகக் கிளம்பியபோது நன்றாக வெயில் ஏறிவிட்டது.

ஒவ்வொரு லிங்கத்திலும் அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே நின்று கேட்டார். பரீட்சைக்கு நிற்கிறவன் போல ஒவ்வொன்றையும் யோசித்துச் சொன்னேன். வழக்கமாக நான் சேர்க்கும் உப்பு காரமெல்லாம் தானாகக் குறைந்தது. அடி அண்ணாமலை தாண்டியதும் இன்ஜினீயர் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தார் ரோட்டுச் சூட்டில் இரண்டு உள்ளங்காலும் கொப்புளித்திருந்தன. ஆட்டோ கூப்பிடட்டுமா என்றேன். மகளுக்கு உடம்பு சரியானதால் சுற்றுகிறேன், பாதியில் விட மாட்டேன் என்று சொன்னவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா முன்னால் வந்து, தன் செருப்பைக் கழற்றி அவர் காலடியில் வைத்தார். "போட்டுக்கங்க. உங்க சாமி ஒண்ணும் சொல்லாது. எங்க ஆளுங்க ஏதாவது சொன்னா நான் பேசிக்கறேன்" என்றார். இன்ஜினீயர் என்னைப் பார்த்தார், நான் டீக்கடைக்காரரைப் பார்த்தேன். கடைசியில் இன்ஜினீயர் போட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் வேடிக்கை. எழுபதை நெருங்கிய என் அப்பா, வெறுங்காலோடு, ஒரு புளியமரத்து நிழலிலிருந்து அடுத்த மரத்து நிழலுக்குத் தாவித் தாவிப் போனார். ரோடு போட்டவனைத் திட்டினார், வெயிலைத் திட்டினார். நான் பக்கத்திலேயே நடந்தேன். ஓரிடத்தில் நின்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தார். செல்வி அங்கே இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"அறிவு, இன்னும் எவ்ளோ தூரம்டா?"

வழிகாட்டியாக நடந்த அத்தனை வருஷத்தில், போக வேண்டிய தூரம் இன்னும் நிறைய இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.