நெஞ்சுவலி என்றால் லொறி வரும்

லிந்துலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாகலெட்சுமி அக்காவைத் தெரியாதவர் கிடையாது. கொழுந்து எடுப்பதிலும் கெட்டிக்காரிதான். ஆனால் அவரைப் பெரிய ஆளாக்கியது லொறி பிடிக்கும் சாமர்த்தியம்.

தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றத்தான் இருந்தது. நோயாளியை ஏற்ற, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா துண்டுச் சீட்டு எழுத வேண்டும். வயிற்றுவலி, காய்ச்சல் என்று போனால் ஒரு போத்தல் மருந்தோடு திருப்பி அனுப்பிவிடுவார். நெஞ்சுவலி என்றால் மட்டும் அவருக்கே பயம் பிடிக்கும், உடனே துண்டு வரும். இதைக் கண்டுபிடித்தது அக்காதான். அதற்குப் பிறகு எங்கள் லயத்து வீடுகளில் எல்லா வலியும் நெஞ்சுவலியாகிவிட்டது. பிள்ளை வலி வந்தவளைக்கூட அக்கா நெஞ்சைப் பிடிக்கச் சொல்லி லொறியில் ஏற்றியதுண்டு.

அறுபத்து மூன்றாம் வருஷம், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் காலம். அக்காவின் தங்கை மகன் செல்லசாமி மலையிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். தாயில்லாத அவனை வளர்த்தது அக்காதான்.

"நெஞ்சுன்னே சொல்லு. யாரு கேட்டாலும் மாத்திச் சொல்லிப்புடாத" என்றார் அக்கா. லொறி வந்தது, செல்லசாமி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

மறுநாள் அக்காவோடு, கூடக் கொழுந்து எடுக்கும் நானும் பஸ் ஏறிப் போனேன். வழியெல்லாம் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டேதான் வந்தேன். அங்கே இருதயத்தைக் கோடு கோடாக எழுதிக் காட்டும் மெசின் புதிதாக வந்திருந்ததாம். அதில் பார்த்து, இவனுக்கு இருதயக் கோளாறு, அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பொய்யாகச் சொன்னது பலித்துவிட்டதோ என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

செல்லசாமி முகம் வெளிறிக் கிடந்தான். நேற்று வயிற்றின் மேலே இருந்த வலி இப்போது வலது பக்கம் கீழே இறங்கி, தொட விடாமல் குத்துகிறது என்று அக்காவின் காதில் சொன்னான். டொக்டரிடம் சொன்னாயா என்று கேட்டால், நீங்கள்தானே மாற்றிச் சொல்லாதே என்றீர்கள் என்கிறான்!

அந்த நேரம் டொக்டர் வார்டுக்குள் வந்தார். சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுவார். உண்மையைச் சொன்னால் டிஸ்பென்சர் ஐயாவுக்குத் தெரிந்துபோகும், இனி யாருக்கும் லொறி கிடைக்காது என்று அக்காவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கும்பிட்டார்.

"ஐயா, இவனுக்கு நெஞ்சு வலிக்கவே இல்லீங்க. வயிறுதான். லொறிக்காக நாந்தான் பொய் சொல்லச் சொன்னேன்."

டொக்டர் அவன் வயிற்றை அழுத்திச் சட்டென்று கையை எடுத்தார், செல்லசாமி துடித்துப்போனான். மெசினைக் கொண்டுவரச் சொல்லி மறுபடியும் எழுதிப் பார்த்தார். பழைய கடதாசியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்களுக்கும் காட்டினார். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

"இந்தக் கோடு கொஞ்சம் தூக்கி நிக்குது, பாருங்க. நெஞ்சுவலின்னு சொன்னதால நான் இத நோய்ன்னு பார்த்தேன். இள வயசு ஆளுங்க சில பேருக்கு நல்ல இருதயமே இப்படித்தான் எழுதும். படம் மாறல்ல அம்மா, நீங்க சொன்ன கதைதான் மாறியிருக்கு."

குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே வெட்டி எடுக்க வேண்டும் என்று தள்ளிக்கொண்டு போனார்கள். நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்து வேண்டாத தெய்வமில்லை. சாயந்திரம் நர்ஸ் நோனா வந்து, பிழைத்துவிட்டான் என்று சொன்னதும் அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

மறுநாள் காலை பெரட்டில் பேர் பதிந்து முடிந்ததும் அக்கா டிஸ்பென்சரி வாசலுக்குப் போய்விட்டார். நாங்கள் தலையில் கூடையோடு அவர் பின்னால் நின்றோம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, கடைசியில் சொன்னார்:

"இனிமே வயிறுன்னா வயிறுன்னுதான் சொல்லுவோங்க. அதுக்கும் நீங்க துண்டு எழுதணும். எழுதலேன்னா இந்த வாசல விட்டுப் போகமாட்டோம்."

ஐயாவின் முகம் சிவந்தது. விறுக்கென்று உள்ளே போய்விட்டார். அந்த வாரமே எங்கள் லயத்தில் ஒரு குழந்தைக்குக் கடும் காய்ச்சல். அக்காவே டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். நெஞ்சு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, காய்ச்சல் என்றுதான் சொன்னார்.

லொறி வந்தது.